பழைய மதகை உடைப்பதா, வைப்பதா? வழுக்கியாற்றங்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எங்கள் ஊர் வயல்வெளிக்கு நடுவே வழுக்கியாற்றைக் கடக்க ஒரு பழைய கல் மதகு இருக்கிறது. மூன்று வளைவுகள், செதுக்கிப் பொழிந்த சுண்ணக்கல், சுண்ணாம்புச் சாந்து. ஒரு நேரத்தில் ஒரு வாகனம்தான் போகலாம். வெள்ளைக்காரன் காலத்து வேலை. போன மாரியில் மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று கடந்தபோது கைப்பிடிச் சுவரில் ஒரு துண்டு சரிந்து ஆற்றுக்குள் விழுந்தது. அன்றிலிருந்து ஊர் இரண்டு பட்டுக் கிடக்கிறது. ஒரு பக்கம் "இடித்துப்போட்டுப் புதுப் பாலம் கட்டு" என்கிறது. மறுபக்கம் "தொட்டால் கை முறியும்" என்கிறது. சனசமூக நிலையத்தில் கூட்டக் குறிப்பு எழுதுகிறவன் என்றபடியால் தேத்தண்ணிக் கடையிலும் கோயில் வீதியிலும் என்னையே மறித்துக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

மதகு விழப் போகிறதா, இல்லையா? ஒரே சொல்லில் சொல்லுங்கள்.

ஒரே சொல்லில் சொல்ல முடியாது. விழுந்தது கைப்பிடிச் சுவர். அது வாகனமும் ஆட்களும் ஆற்றுக்குள் போகாமல் மறிக்கிற சுவர், பாரம் தாங்குகிற சுவர் அல்ல. பாரத்தைத் தாங்குவது அடியில் உள்ள வளைவு. வளைவில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்கிக்கொண்டு நிற்கிறது. மேலே பாரம் கூடினால் அந்த நெருக்கமும் கூடும். இரண்டு கரைச் சுவர்களும் விலகாத வரை, நடுத் தூண்கள் தாழாத வரை, கல் வளைவு இலகுவில் விழாது. சாந்து பாதி போன பிறகும் நிற்கிற வளைவுகள் இருக்கின்றன.

எனக்குப் பயம் கீழேதான். உலகமெங்கும் ஆற்றுப் பாலங்கள் விழுவதற்கு முதற் காரணம் மேலே போகும் பாரமில்லை, அத்திவாரத்தின் அடியில் தண்ணீர் மண்ணைத் தோண்டிக்கொண்டு போவது. போன மாசி மாதம் ஆறு வற்றியபின் இறங்கிப் பார்த்தோம். மேற்குப் பக்கத் தூணின் அடியில் ஒரு மூங்கில் தடியை விட்டால் இரண்டு அடிக்கு உள்ளே போகிறது. கிழக்குத் தூணில் போகவில்லை. ஊர் சண்டை பிடிக்கிறது மேலே விழுந்த சுவருக்காக. நோய் இருப்பது தண்ணீருக்குள்.

அதை நாங்களே பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

தீர்ப்புச் சொல்ல முடியாது, சாட்சி சொல்லலாம். கோடையில் அடியில் போய்ப் பாருங்கள். வளைவின் உச்சியில் குறுக்காக வெடிப்பு ஓடினால் அது கரைச் சுவர் விலகுவதன் அடையாளமாக இருக்கலாம். பாதை போகும் திசையிலேயே, ஓரச் சுவரை ஒட்டி நீளமாக ஓடினால் ஓரச் சுவர் வெளியே தள்ளப்படுகிறது. கல் ஒன்று கழன்று பல் விழுந்த மாதிரி இடைவெளி தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். பொருத்துகளில் ஆலங்கன்று முளைத்திருந்தால் வேரோடு சாகும்படி செய்ய வேண்டும். மேலே வெட்டிவிட்டு வந்தால் அடுத்த மாரியில் இரட்டிப்பாக வரும்.

வெடிப்பு பழசா, வளர்கிறதா என்று அறிய மேசன்மார் செய்கிற ஒரு பழைய வேலை உண்டு. மெல்லிய கண்ணாடித் துண்டை வெடிப்புக்குக் குறுக்காகச் சாந்து வைத்து ஒட்டி, அதில் திகதியை எழுதிவிடுவது. வெடிப்பு அசைந்தால் கண்ணாடி உடையும். எங்கள் மதகில் மூன்று இடத்தில் ஒட்டியிருக்கிறேன்.

நூறு வருடம் நின்றது இனியும் நிற்காதா?

பெரியவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். மதகு அப்படியேதான் இருக்கிறது, ஐயா. அதற்கு மேலே போகிற சாமான் மாறிவிட்டது.

ஒரு கியூப் மணல் என்பது 100 கன அடி. அதன் எடை ஏறத்தாழ நாலரைத் தொன், ஈரமென்றால் இன்னும் கூடும். மூன்று கியூப் ஏற்றினால் மணல் மட்டும் பதின்மூன்று தொன்னைத் தாண்டும். வண்டியின் சொந்த எடையையும் சேர்த்தால் 20 தொன் வரை போகும். இந்த மதகைக் கட்டியவன் கண்டது புகையிலையும் நெல்லும் ஏற்றிய மாட்டு வண்டி. அது ஒரு தொன் வரும், மாட்டோடு சேர்த்தால் கொஞ்சம் கூட. இருபது வண்டியின் பாரம் ஒரே நேரத்தில், இரண்டு அச்சில், அந்த வேகத்தில் ஏறி இறங்குகிறது.

அதற்காகப் பழைய மதகு பலவீனமானது என்று முடிவு கட்டவும் வேண்டாம். கல் வளைவுகளில் தேவைக்கு அதிகமான பலம் ஒளிந்திருப்பது வழமை. எத்தனை தொன் தாங்கும் என்பதைக் கணக்குப் பார்த்து, தேவையென்றால் பாரம் ஏற்றிச் சோதித்து, பொறியியலாளர் எழுத்தில் தர வேண்டும். அந்த இலக்கம் கையில் வராமல் நடக்கிற கூட்டமெல்லாம் வாய்ச்சண்டைதான். இதுவரை மூன்று கூட்டம் அப்படித்தான் முடிந்தது.

சீமெந்து பூசி இறுக்கிவிட்டால் சரிவராதா?

வராது. இது நல்ல மனதோடு செய்யப்படுகிற கெட்ட வேலை. சுண்ணாம்புச் சாந்து மென்மையானது. ஈரத்தை உள்ளே எடுக்கும், வெளியே விடும், கல் சற்று அசைந்தால் தானும் விட்டுக்கொடுக்கும். சீமெந்து இறுகிவிடும். கல்லுக்குள் போன தண்ணீர் பொருத்து வழியே வெளியேற முடியாமல் கல்லின் முகத்தால் வரப் பார்க்கும். எங்கள் மண்ணில் அந்தத் தண்ணீரோடு உப்பும் வரும். உப்பு காய்ந்து மணியாகும்போது கல்லின் தோல் பொரிந்து உதிரும். மதகின் தெற்குப் பக்கத்தில் முன்பு யாரோ சீமெந்து பூசிய இடத்தைப் போய்ப் பாருங்கள். சீமெந்து அப்படியே வரம்பு மாதிரி நிற்கிறது, சுற்றியிருந்த கல் உள்ளே குழிந்து போய்விட்டது.

நீற்றிய சுண்ணாம்பும் மணலும் சேர்த்துத்தான் பொருத்துகளை நிரப்ப வேண்டும். பனங்கட்டித் தண்ணீர் விட்டுக் குழைக்கிற பழைய முறையை அறிந்த மேசன்மார் குறைந்துவிட்டார்கள். இருக்கிறவர்களிடம் எங்கள் இளந்தாரிகள் ஒரு கோடை வேலை பழகினால் இந்த மதகுக்கு மட்டுமல்ல, ஊரில் உள்ள நாற்சார் வீடுகளுக்கும் உதவும். அத்திவாரத்தைக் காப்பது வேறு வேலை. அதற்குத் தூணைச் சுற்றிப் பெருங்கல் அடுக்கிப் பாதுகாக்க வேண்டி வரலாம், அடியில் உள்ள வெற்றிடத்தை நிரப்ப வேண்டி வரலாம். அது மேசன் மட்டும் முடிவெடுக்கிற காரியமில்லை.

புதுக் கொங்கிறீட் பாலம் என்றால் இந்தத் தலையிடி ஒன்றும் இல்லைத்தானே?

வேறு தலையிடி வரும். கல் மதகுக்குள் கம்பி இல்லை, ஆகவே துருவும் இல்லை. கொங்கிறீட்டுக்குள் கம்பி இருக்கிறது. உப்புக் காற்றும் உவர்நீரும் கொங்கிறீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கும். துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால் கொங்கிறீட் உள்ளிருந்தே வெடிக்கும். குடாநாட்டில் கடல்நீரேரிப் பக்கமாகப் போனால் தட்டு உதிர்ந்து கம்பி எலும்பு மாதிரித் தெரிகிற மதகுகளைக் காணலாம். அவற்றில் பல எங்கள் கல் மதகின் பேரப்பிள்ளை வயது கூட ஆகாதவை.

கம்பிக்கு மேலே போதிய தடிப்பில் கொங்கிறீட் மூடியிருக்க வேண்டும், கலவை அடர்த்தியாக இருக்க வேண்டும், நன்றாக நனைத்து ஆற விட வேண்டும். இவை காகிதத்தில் எப்போதும் இருக்கும். வேலை நடக்கிற நாளில் ஊரார் போய் நின்று பார்ப்பது குற்றமில்லை. குழைத்த கொங்கிறீட்டுக்குக் கிணற்று உவர்நீர் எடுக்கிறார்களா என்று ஒரு கண் வைத்தாலே பெரிய புண்ணியம்.

பாலத்துக்கும் என் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம்?

கூட்டத்தில் ஒரு அம்மா கேட்ட கேள்வி. சிலர் சிரித்தார்கள். மூன்று கூட்டத்திலும் கேட்கப்பட்ட ஆகச் சிறந்த கேள்வி இதுதான்.

வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடுகிற ஆறு. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அளவெட்டி, கந்தரோடைப் பக்கங்களால் குளங்களையும் வயல்களையும் தொட்டுக்கொண்டு அராலியில் கடல்நீரேரியில் விழுகிறது. குடாநாட்டில் ஆறு என்று சொல்ல எங்களுக்கு வேறென்ன இருக்கிறது? இங்கே நிலத்துக்கு அடியில் சுண்ணக்கல், அதற்குள் மழைத் தண்ணீர், அந்த நன்னீருக்கு அடியில் உவர்நீர். நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் உவர்நீரின் மேல் மிதந்தபடி நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நீரியலில் ஒரு பொதுக் கணக்கு. மேலே ஒரு அடி இறங்கினால் கீழேயிருந்து உவர் எவ்வளவு ஏறும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இப்போது மதகின் தூண்களைக் கவனியுங்கள். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறது. அது அலங்காரமில்லை, பலகை இறக்குகிற பள்ளம். மாரி முடிகிற தையில் பலகை போட்டு மிஞ்சிய தண்ணீரை மறிப்பார்கள். அந்தத் தண்ணீர் மெல்ல ஊறிக் கிணறுகளுக்குப் போகும். என் அம்மம்மா காலத்தில் பலகை போடுகிற நாளுக்கே ஒரு பொங்கல் இருந்தது. 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு பலகையும் போய்விட்டது, பொங்கலும் போய்விட்டது. எங்கள் மதகு பாதியளவில் ஒரு அணைக்கட்டு என்பதும் அதோடு மறந்து போனது.

பெரிய அளவில் இதே யோசனைதான் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் 1950களில் கட்டிய தடுப்பணைகள். மாரி வெள்ளத்தைக் கடலுக்கு விட வேண்டும், கோடையில் உவர்நீரை உள்ளே விடக்கூடாது. ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு கொடுக்கலாம் என்று பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்த திட்டமும் இந்த அடிப்படையில் எழுந்ததுதான்.

ஆகவே புதுப் பாலம் வரைகிறவர் "வெள்ளம் தங்காமல் ஓட வேண்டும்" என்று மட்டும் நினைத்து தண்ணீர் போக அகலமான ஒற்றைத் திறப்பு, அதாவது ஒற்றைக் கண், வைத்து, அடித்தளத்தையும் ஒரு அடி இறக்கிவிட்டால், பாலம் அழகாக இருக்கும். வைகாசியில் கிணறு காய்ந்துவிடும். மறுபக்கமும் உண்டு. மூன்று சின்னக் கண்களில் வாழைக்குற்றியும் பற்றையும் அடைத்துக்கொண்டால் மேல்பக்க வயல் மூழ்கும். 2008 கார்த்திகையில் நிஷா புயல் வந்தபோது முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றவர்கள் இதை மறக்கமாட்டார்கள். பாலத்தின் கண் எவ்வளவு அகலம், அடி மட்டம் என்ன, பலகையோ கதவோ இறக்க வழி உண்டா என்ற மூன்றையும் வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் கை உயர்த்த வேண்டும்.

இன்னொன்று. புதுப் பாலத்தை உயர்த்தினால் இரண்டு பக்க றோட்டையும் உயர்த்துவார்கள். உயர்ந்த றோட்டு அணைக்கட்டு மாதிரி நிற்கும். றோட்டுக்குத் தார்க் காப்பெற் போட்ட பிறகு வளவுக்குள் வெள்ளம் நிற்கத் தொடங்கிய வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

இது தொல்பொருள் இல்லையா? சட்டப்படி தொட முடியாதே?

பலர் அப்படி நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்ட நினைவுச் சின்னங்களைத்தான் தானாகவே பழைமைச் சின்னமாகக் கொள்கிறது. கண்டி இராச்சியம் வெள்ளைக்காரன் கைக்குப் போன நாள் அது. எங்கள் மதகு அதற்குப் பிந்தியது. பிந்திய கட்டடத்தையும் வர்த்தமானியில் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கலாம், அதற்கு முறையாக விண்ணப்பித்துத் தொல்லியல் திணைக்களம் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அறிவித்துவிட்டால் பிறகு ஒரு கல் மாற்றவும் அனுமதி வேண்டும் என்பதையும் சேர்த்தே யோசியுங்கள். என்னைக் கேட்டால், ஊர் அதைப் பேணுகிறதென்றால் அறிவிப்பு இல்லாமலும் பேணலாம். பேணாத ஊருக்கு வர்த்தமானி ஒரு காகிதம்.

யாரிடம் போய்க் கேட்பது? ஆளாளுக்கு அடுத்த கந்தோரைக் காட்டுகிறார்கள்.

முதலில் றோட்டு யாருடையது என்று பாருங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்ச உள்ளூர் வீதிகள் பெரும்பாலும் பிரதேச சபைக்கு. தண்ணீர் சம்பந்தப்பட்டதால் நீர்ப்பாசனத் திணைக்களத்தையும் கமநல சேவை நிலையத்தையும் ஒரே மேசையில் இருத்த வேண்டும். கடல்நீரேரிக்குக் கிட்ட உள்ள பாலமென்றால் கரையோரம் பேணும் திணைக்களமும் வரும்.

எங்கள் மதகைப் பற்றி முன்பு ஒரு பரிசோதனை அறிக்கை எழுதப்பட்டது என்று கேள்விப்பட்டோம். கேட்டுப் போனபோது ஒரு கந்தோரில் "அப்படி ஒன்றும் இல்லை" என்றார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்டோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது, 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். இல்லாத அறிக்கை பன்னிரண்டாம் நாள் வந்தது. இரண்டு பக்கம்தான், ஆனால் மேற்குத் தூணைப் பற்றி அதிலேயே எழுதியிருக்கிறது.

உடைக்கவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம். பக்கத்தில் புதிதாக ஒன்று கட்டினால்?

நானும் அந்தப் பக்கம்தான், ஒரு நிபந்தனையோடு.

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தைப் பாருங்கள். 1924இல் கட்டிய இரும்புப் பாலம், லேடி மனிங் பாலம் என்று பெயர். வாகனங்கள் ஒரு பக்கம் காத்து நின்று மறுபக்கம் போன ஒற்றை வழி. பக்கத்தில் புதுப் பாலம் கட்டி 2013இல் திறந்தார்கள். பழையதை உடைக்கவில்லை. பாடும் மீன் கதையோடு அதுவும் ஊரின் முகமாக நிற்கிறது.

இதைக் கேட்டதும் எல்லோரும் கை தட்டுவார்கள். திருச்சியைச் சொன்னால் தட்டமாட்டார்கள். கொள்ளிடத்துக்குக் குறுக்கே 1928இல் கட்டிய பாலம் பழசானதும் பக்கத்தில் புதியதைக் கட்டி 2016இல் திறந்தார்கள். பழையதில் கனரக வாகனம் இல்லை, ஆட்கள் நடந்தார்கள், அவ்வளவுதான். 2018 ஓகஸ்டில் வெள்ளம் வந்தபோது அதன் தூண்கள் சரிந்து விழுந்தன. பிறகு உடைத்து அகற்ற வேண்டியதாயிற்று. பாரத்தை நிறுத்தினால் பாலம் பிழைத்துவிடும் என்று நினைப்பது பிழை. ஆறு பாரத்தைப் பார்த்துத் தோண்டுவதில்லை. கைவிடப்பட்ட பாலம் விழுந்தால் அந்தக் கல் புதுப் பாலத்தின் கண்ணையும் அடைக்கும்.

என் நிபந்தனை இதுதான்: புதுப் பாலத்துக்கு அனுமதி கேட்கும் கடிதத்திலேயே பழைய மதகைப் பராமரிக்கப்போவது யார், எந்தக் கணக்கிலிருந்து, வருடத்தில் எந்த மாதம் என்று எழுதியிருக்க வேண்டும். அது எழுதப்படாவிட்டால் உடைப்பதற்கு நானே கை உயர்த்துவேன். மதகை நேசிக்கிறவர்களுக்கு இது கோபம் வரும் என்று தெரியும். பத்து வருடம் மெல்ல மெல்லச் சாகவிட்டு, பிறகு ஒரு பிள்ளையின் மேல் விழுந்தபின் அழுவதை விட இது நேர்மையானது.

பக்கத்தில் கட்டக் காணி?

வேண்டும். றோட்டு வளைந்து புதுப் பாலத்துக்குப் போக இரண்டு கரையிலும் துண்டு துண்டாக எடுக்க வேண்டி வரும். ஒரு கரையில் வயல், மறுகரையில் பனங்காணி. விரும்பிக் கொடுத்தால் எழுத்தில் வாங்க வேண்டும், இல்லையென்றால் 1950ஆம் ஆண்டுக் காணி எடுத்தற் சட்டம், அது வருடக் கணக்கு. காணிக்காரர் ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் உயிரோடு இல்லை, காணி உறுதிப் பத்திரம் பழசு. பாலம் கட்டுவதை விடக் காணி தேடுவதுதான் நீளமான வேலை என்று இப்போதே மனதை ஆயத்தப்படுத்துங்கள்.

ஒரு கல் மதகுக்கு இவ்வளவு உணர்ச்சி தேவையா, அண்ணை?

தம்பி, 1995 ஒக்டோபர் 30 இரவு நீ பிறந்திருக்கவில்லை. போருக்குத் தப்பி, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தது. செம்மணியால், நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போன அந்தச் சனத்தில் எங்கள் ஊரும் இருந்தது. நாவற்குழி எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு அந்த இரவு தொடங்கியது இந்த மதகில். மழை. சைக்கிளில் மூட்டை, கரியரில் அப்பு. ஒற்றை வழி மதகு என்பதால் நின்று நின்றுதான் போக வேண்டியிருந்தது. அந்த நிற்பில்தான் திரும்பி வீட்டைப் பார்த்தோம்.

முல்லைத்தீவில் வட்டுவாகல் பாலத்தை எந்தக் கட்டடக் கலைஞரும் அழகான பாலம் என்று சொல்லமாட்டார். ஒடுங்கின, தாழ்ந்த, உடைந்த பாலம். 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், அதைக் கடந்து வந்தவர்களுக்கும், கடந்தபின் தங்கள் ஆட்களைக் காணாதவர்களுக்கும் அது வேறு பொருள். அங்கே புதுப் பாலத்துக்கான வேலை 2025 செப்டெம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது. அது வேண்டிய பாலம், மறுப்பதற்கில்லை. மாரியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வழியால் போனவர்களைக் கேளுங்கள்.

நினைவு முக்கியம் என்பதற்காக 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸ் சுற்றி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கணக்குப் போடும்போது அதையும் ஒரு வரியாக எழுதுங்கள் என்கிறேன். வயதை மட்டும் வைத்து "பழைமை" என்று அளந்தால் வட்டுவாகலுக்கு மதிப்பே இல்லை என்றாகிவிடும்.

வேலை தொடங்கினால் நாங்கள் எந்த வழியால் போவது?

ஆற்றுக்குள் மண் கொட்டி மாற்றுப் பாதை போடுவார்கள். கோடையில் பிரச்சினை இல்லை. நெல் வெட்டி முடிந்த பிறகு, மாசி பங்குனியில் தொடங்கி, ஐப்பசிக்கு முன் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் அந்த மண் பாதையையாவது அகற்றிவிட வேண்டும். அகற்றாமல் மாரி வந்தால் நாங்களே கட்டிய அணையில் நாங்களே மூழ்குவோம். ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிளுக்குத் தனி ஓரம், இரவில் வெளிச்சம், அவ்வளவும் கேட்டு வாங்க வேண்டியவை.

அதுவரை டிப்பரை எப்படி மறிப்பது?

பலகையில் "5 தொன்னுக்கு மேல் தடை" என்று எழுதினால் டிப்பர்காரர் வாசித்துவிட்டுப் போவார். மறிப்பது இரும்பு. இரண்டு பக்கமும் உயரத்தை மட்டுப்படுத்தும் குறுக்குக் கம்பம், அகலத்தை மட்டுப்படுத்தும் கொங்கிறீட் கட்டை. ஓட்டோ, லாண்ட்மாஸ்டர், சின்ன வான் போகும், கன்டர் லொறி போகாது. அம்புலன்ஸ் போக வேண்டும் என்பதால் அளவை அதைக் கொண்டு எடுக்க வேண்டும். இதுவும் வீதிக்குப் பொறுப்பானவர்கள் போட வேண்டியது. இளந்தாரிகள் இரவோடு இரவாகப் பனங்குற்றி நட்டால் இருட்டில் மோட்டார் சைக்கிளில் வருகிறவன் சாவான். ஒருதரம் நட்டார்கள், விதானையார் (கிராம அலுவலர்) வந்து பிடுங்குவித்தார். அவர் செய்தது சரி.

கனடாவில் இருக்கிற ஊர்ச் சங்கம் காசு தருகிறது. நாங்களே கட்டிவிடலாமே?

பொது வீதியில் பாலம் கட்ட ஊருக்கு அதிகாரமில்லை, விழுந்தால் பொறுப்பேற்கவும் ஆளில்லை. கோயில் மண்டபம் மாதிரி இல்லை இது. ஆனால் அந்தக் காசுக்கு மிக நல்ல வேலை இருக்கிறது: வருடா வருடம் சுண்ணாம்பு வேலை, பற்றை வெட்டு, பலகை செய்தல், தனியார் பொறியியலாளரின் இரண்டாம் அபிப்பிராயம். கல்வெட்டில் பெயர் பொறிக்க இவற்றில் இடமில்லை என்பதுதான் குறை. அதைச் சொன்னதும் தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

உடைப்பதென்றே முடிவானால்?

முதல் கல் கழலுவதற்கு முன் அளந்து வரையுங்கள். எல்லாப் பக்கத்தாலும் படம் எடுங்கள், அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கிறது, மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சி, கேட்டுப் பார்க்கலாம். மதகைப் பற்றித் தெரிந்த பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்யுங்கள். அவர்களில் இருவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, ஒத்திவைக்க நேரமில்லை. எல்லாவற்றையும் நூலக நிறுவனத்தின் எண்ணிமச் சேமிப்புக்குக் கொடுங்கள். 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட மாவட்டம் இது, ஒரே அலுமாரியில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

பொழிந்த கல் யாருடைய மதிலுக்கும் போகக்கூடாது. இலக்கமிட்டுக் கழற்றினால் கரையில் ஒரு வளைவையாவது திருப்பி நிறுத்தலாம். பலகைப் பள்ளம் வெட்டிய தூண் கல்லை மட்டுமாவது வையுங்கள்.

நீங்கள் ஒட்டிய கண்ணாடிக்கு என்ன நடந்தது?

மூன்றில் இரண்டு அப்படியே இருக்கின்றன. மேற்குத் தூணுக்கு மேலே ஒட்டியது சித்திரைக் கடைசியில் உடைந்திருந்தது. மாடு உரசியிருக்கும் என்று சிலர் சொன்னார்கள். மாடு எட்டாத உயரம். பக்கத்திலேயே புதுத் துண்டு ஒட்டித் திகதி எழுதியிருக்கிறேன். படமும் அளவும் வாசிகசாலையில் உள்ள நீலக் கொப்பியில் இருக்கின்றன, பொறுப்பான அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் ஒரு பிரதி போயிருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒருதரம் குனிந்து பாருங்கள். உடைந்திருந்தால் தொடாமல் எனக்குச் சொல்லுங்கள்.